காஷ்மீர் ஏரிகள் நடை: 61 வயது அப்பாவைக் கூட்டிப் போகலாமா?

கரிசல்மண் | ஜூன் 2, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் காஷ்மீர் கிரேட் லேக்ஸ் என்கிற மலைநடைக்குப் போகப் பதிவு செய்திருக்கிறேன். சோனமார்க்கில் ஏறி நாராநாக்கில் இறங்கும் வழி. படங்களைப் பார்த்ததிலிருந்து அப்பாவும் வருகிறேன் என்கிறார்.

அப்பாவுக்கு 61 வயது. தபால்காரராக முப்பது வருஷத்துக்கு மேல் சைக்கிள் மிதித்துவிட்டுப் போன வருஷம்தான் ஓய்வு பெற்றார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போவார், ஒரு வருஷமும் தவறியதில்லை. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை உண்டு, சர்க்கரை இல்லை. ஆனால் அவர் ஏறிய பெரிய உயரம் கொடைக்கானல்தான், அதுவும் பேருந்தில்.

4,000 மீட்டருக்கு மேல் மூன்று கணவாய் தாண்ட வேண்டும் என்கிறார்கள். அவருக்கு ஒத்துவருமா? வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. சரி என்று சொல்லவும் பயமாக இருக்கிறது. போய் வந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பொதிகைக்காற்று | ஜூன் 2, இரவு 10.15

பழனிக்கு நடக்கிறவருக்கு இதெல்லாம் ஒரு தூரமே இல்லை. மொத்தமே சுமார் 70 கிலோமீட்டர், அதுவும் ஒரு வாரத்தில். சுமையைக் குதிரை தூக்கிக்கொள்ளும். தாராளமாகக் கூட்டிப் போங்கள் தங்கச்சி.

மலைவாசல் | ஜூன் 3, காலை 6.20

தூரத்தைப் பற்றிப் பொதிகைக்காற்று சொன்னது சரி. ஆனால் இங்கே பிரச்சினை தூரம் இல்லை, உயரம். கால் பழகியிருப்பது வேறு, மூச்சு பழகுவது வேறு. 4,200 மீட்டரில் காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஆறு பங்குதான். இழுக்கிற ஒவ்வொரு மூச்சிலும் பிராணவாயு அந்த அளவுக்குக் குறைந்துதான் உள்ளே போகும். இருபது வயது ஓட்டக்காரனுக்கும் தலைவலி வரும், அறுபது வயதுக்காரர் தெம்பாக நடந்து போவார். முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. அதனால் உங்கள் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும். அப்பாவால் முடியுமா என்பதை விட, முடியாமல் போனால் எந்த இடத்திலிருந்து திரும்பலாம் என்பதுதான் முக்கியம். நான் இரண்டு முறை போனதில் புரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதல் நாள் சோனமார்க்கிலிருந்து நிச்னாய். சுமார் 2,700 மீட்டரில் கிளம்பி 3,500க்குப் போகிறீர்கள். தொடக்கத்திலேயே செங்குத்தான ஏற்றம். டேபிள் டாப் என்கிற மேட்டில் தேநீர்க் கூடாரங்கள் இருக்கும். அதைத் தாண்டினால் பூர்ஜ மரக்காடு. வெள்ளைப் பட்டை காகிதம் மாதிரி சுருள் சுருளாக உரிந்து தொங்கும். அந்தக் காலத்தில் காஷ்மீரத்துச் சுவடிகளை எழுதியது இந்தப் பட்டையில்தான். உங்கள் அப்பா ஆயுசு முழுக்கக் கடிதம் சுமந்தவர், அவருக்கு அதை அவசியம் காட்டுங்கள்.

இரண்டாம் நாள் நிச்னாய்க் கணவாய், சுமார் 4,080 மீட்டர். அப்புறம் இறங்கி விஷன்சர் ஏரிக்கரையில் கூடாரம், 3,660 மீட்டர். மூன்றாம் நாள் கிருஷன்சர் ஏரியை ஒட்டி ஏறி, காட்சர்க் கணவாய். 4,200 மீட்டரைத் தொடும் இதுதான் இந்த வழியில் உச்சம். அடுத்து காட்சர், சத்சர் ஏரிகள். ஐந்தாம் நாள் ஜஜ்பல் கணவாய் தாண்டிக் கங்காபல் ஏரி. கடைசி நாள் நாராநாக்குக்கு நெட்டிறக்கம்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஒரே வைத்தியம் கீழே இறங்குவது. நிச்னாய் முகாமில் இருக்கும்வரை அது சுலபம், காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் சோனமார்க். நிச்னாய்க் கணவாயைத் தாண்டி விஷன்சருக்குப் போய்விட்டால் கதை மாறிவிடும். திரும்புவது என்றாலும் 4,080 ஏறித்தான் திரும்ப வேண்டும், முன்னால் போவது என்றால் 4,200. விஷன்சரிலிருந்து கிஷன்கங்கா ஆறு புறப்பட்டுக் குரேஸ் பக்கம் ஓடுகிறது. அது பாகிஸ்தான் பக்கத்து எல்லைக்கோட்டை நோக்கிப் போகிற பள்ளத்தாக்கு, நாம் இறங்குகிற வழி இல்லை. ஆக, உடம்பு சரியில்லாதவரை இறக்குவதற்காக மேலே ஏற்ற வேண்டிய நிலைமை வந்துவிடும்.

அதனால் முடிவெடுக்கும் இடம் நிச்னாய் முகாம். அங்கே அப்பாவுக்குத் தலை வலித்தால், அது காலையில் போகும்வரை கணவாயில் கால் வைக்காதீர்கள். இதை இங்கேயே, வீட்டிலேயே, அவரோடு பேசி முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

இரவுப்பணி | ஜூன் 3, காலை 8.05

நான் செவிலியர். மலைவாசல் அண்ணா சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன்.

3,000 மீட்டருக்கு மேல் போனபின், படுக்கிற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது பொதுவான விதி. சோனமார்க்கில் ஒரே ஒரு ராத்திரி தூங்கிவிட்டு மறுநாள் நிச்னாயில் படுத்தால் 800 மீட்டர் கூடிவிடுகிறது. அதனால் சோனமார்க்கில் இரண்டு ராத்திரி இருங்கள். நடுவில் கிடைக்கும் பகலில் சும்மா படுத்திருக்காமல் தாஜ்வாஸ் பனியாற்றுப் பக்கம் மெதுவாக ஏறி இறங்குங்கள். பகலில் உயர ஏறி ராத்திரி கீழே தூங்கினால் உடம்பு நன்றாகப் பழகும்.

உயரத்தால் வரும் தலைவலி, குமட்டலைத் தடுக்கக் கொடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி எப்படியும் கேட்பீர்கள். ஏறுவதற்கு முந்தைய நாள் தொடங்கி 125 மில்லிகிராம் காலை, மாலை என்பது வழக்கமான தடுப்பு அளவு. ஆனால் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை எடுக்கக் கூடாது. அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரை எந்த வகை என்றும் பார்க்க வேண்டும், சிலவற்றில் ஏற்கனவே சிறுநீர் பிரிக்கும் மருந்து இருக்கும். மாத்திரை அட்டையோடு மருத்துவரைப் போய்ப் பாருங்கள், ஒரு ஈசிஜியும் எடுத்துவிடுங்கள். டயமாக்ஸ் எடுத்தால் விரல் நுனி மரத்த மாதிரி குறுகுறுக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

விரலில் மாட்டி ரத்தத்தில் பிராணவாயு அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். குளிரில் விரல் விறைத்திருந்தால் தப்பாகக் காட்டும். ஆளைப் பாருங்கள். தலைவலியோடு சாப்பாடு வேண்டாம் என்றால், குமட்டினால், அன்றைக்கு மேலே ஏறக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமல் நிற்காமல் வந்தாலோ, ஒரு பாதத்தின் குதிகாலை அடுத்ததன் விரலோடு ஒட்டிவைத்து நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, அது நடுராத்திரியாக இருந்தாலும் உடனே இறக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கூடாரம்72 | ஜூன் 3, மதியம் 1.30

இங்கே எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மலைவாசல் சொன்ன அந்தத் தப்பைச் செய்தவன் நான்.

நிச்னாயில் சாயந்திரமே தலை வலித்தது. நெற்றியில் இல்லை, பின்மண்டையில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி. கூட வந்த பதினெட்டு பேரில் நான்தான் வயதில் மூத்தவன். என்னால் எல்லோரும் நிற்க வேண்டி வருமோ என்று வாயைத் திறக்கவில்லை. காலையில் வழிகாட்டிப் பையன் ஒவ்வொருவராகக் கேட்டான். 'நன்றாக இருக்கிறேன்' என்றேன். பாராசிட்டமால் போட்டதில் வலி கொஞ்சம் அடங்கியிருந்தது, அதுதான் என்னை ஏமாற்றியது.

கணவாயை எப்படித் தாண்டினேன் என்றே நினைவில்லை. விஷன்சரில் கூடாரத்துக்குள் போய் விழுந்தவன் சாப்பிடவில்லை. ராத்திரி மூன்று முறை வாந்தி. ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தேன், முடிச்சு எப்படிப் போடுவது என்று கைக்குத் தெரியவில்லை. கயிற்றின் இரண்டு நுனியையும் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தேன். அதைக் கவனித்தது ஒரு குதிரைக்காரர். ஐம்பது வயதிருக்கும். வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு அவர் காத்திருக்கவே இல்லை. என்னைக் குதிரையில் ஏற்றி, விழாமல் இடுப்பில் கயிறு கட்டி, ஒரு கையால் என் முதுகைப் பிடித்துக்கொண்டே நிச்னாய்க் கணவாயைத் திரும்ப ஏறி இறக்கினார். டேபிள் டாப் வந்தபோதே தெளிவு வந்துவிட்டது. சோனமார்க்கில் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

அன்றைக்குக் கணவாயில் மழையோ பனியோ பெய்து வழி அடைத்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். உங்கள் அப்பாவின் காலைப் பற்றி எனக்குக் கவலை இல்லை தங்கச்சி. வலித்தால் வாயைத் திறந்து சொல்கிற ஆளா அவர்? அதை மட்டும் யோசியுங்கள். நம் ஊர் அப்பாக்கள் சொல்ல மாட்டார்கள்.

கரிசல்மண் | ஜூன் 3, இரவு 10.50

கூடாரம்72 அண்ணா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் 'அந்தக் குதிரைக்காரர் பேர் கேட்டியா?' என்றார்.

அவர் சொல்கிற ஆள் இல்லை என்பதுதான் உண்மை. கல் குத்திப் புண்ணான காலோடு நாலு நாள் தபால் கொடுத்தவர்.

பொதிகைக்காற்று | ஜூன் 4, காலை 7.10

நான் முதலில் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். நான் போனது சத்தம் போட்டுக்கொண்டு போகும் இளவட்டக் கூட்டத்தோடு, எங்களில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை வைத்து எல்லோருக்கும் அப்படித்தான் என்று சொன்னது தப்பு.

வேறு ஒரு யோசனை. கணவாயே இல்லாமல் நாராநாக்கிலிருந்து ஏறிக் கங்காபல், நுந்த்கோல் ஏரிகளைப் பார்த்துவிட்டு அதே வழியில் இறங்கிவிடலாமே? மூன்று நாள் போதும். ஹர்முக் மலை அடிவாரத்திலேயே ஏரிக்கரையில் தூங்கலாம். அப்பாவுக்கு ஏரி பார்த்த மாதிரியும் இருக்கும்.

மலைவாசல் | ஜூன் 4, காலை 9.00

நல்ல யோசனைதான். எந்த நேரத்திலும் வந்த வழியே இறங்கலாம் என்பது பெரிய ஆறுதல். ஆனால் அது சுலபம் என்று நினைத்துப் போகாதீர்கள். நாராநாக் சுமார் 2,200 மீட்டர், கங்காபல் 3,500க்கு மேல். ஒரே நாளில் ஏறினால் சோனமார்க் வழியை விட மோசமான தாவல் அது. நடுவில் திரங்கோல் புல்வெளிப் பக்கம் தங்கித்தான் போக வேண்டும்.

கங்காபல் தனியாகவே பார்க்க வேண்டிய ஏரி. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். காஷ்மீரப் பண்டிதர்கள் முன்னோரின் அஸ்தியைக் கரைக்கக் காலங்காலமாக வந்துபோன இடம். எதிரே நிற்கும் ஹர்முக் 5,142 மீட்டர். 1856இல் மாண்ட்கோமரி என்ற நில அளவையாளர் ஹர்முக்கில் கருவியை வைத்துக்கொண்டு, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் தெரிந்த இரண்டு சிகரங்களுக்கு கே1, கே2 என்று குறியிட்டார். உலகத்தின் இரண்டாவது உயரமான மலைக்கு இன்றைக்கும் அந்தக் குறிதான் பெயர். அடிவாரத்தில் நாராநாக்கிலேயே எட்டாம் நூற்றாண்டு, காஷ்மீர மன்னன் லலிதாதித்யன் காலத்தது என்று சொல்லப்படும் கற்கோயில்கள் இடிந்து நிற்கின்றன. பெரும்பாலானவர்கள் இறங்கிய களைப்பில் வண்டி ஏறிவிடுவார்கள். அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

நீலகிரி_நடை | ஜூன் 4, இரவு 8.45

இன்னும் பத்து வாரம் இருக்கிறது, பயிற்சிக்கு அது போதும். கரிசல் காட்டில் மேடு இல்லை என்று கவலைப்பட வேண்டாம். கழுகுமலையில் வாரம் மூன்று நாள் ஏறி இறங்குங்கள். இறங்குவதை விட்டுவிடாதீர்கள், கடைசி நாளில் முட்டியைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். முடிந்தால் ஒரு முறை சதுரகிரிக்குப் போய் வாருங்கள். ஷூவை இப்போதே வாங்கிக் குறைந்தது நூறு கிலோமீட்டராவது போட்டு நடக்கச் சொல்லுங்கள். அரை அளவு பெரியதாக வாங்கினால் இறக்கத்தில் கட்டைவிரல் நகம் தப்பிக்கும்.

பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் வேண்டவே வேண்டாம். வேர்வையில் நனைந்தால் காயாது, மேலே காற்று அடித்ததும் உடம்பு நடுங்கிவிடும்.

கரிசல்மண் | ஜூன் 6, இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. மருத்துவரைப் பார்த்தோம். ஈசிஜி நன்றாக இருக்கிறது. அழுத்த மாத்திரையைத் தொடரச் சொல்லி, டயமாக்ஸும் எழுதிக் கொடுத்தார். இன்னும் சின்னச் சின்னக் கேள்விகள்: சிம் வேலை செய்யுமா? மழை எப்படி? பெண்களுக்கு வசதி எப்படி?

இரவுப்பணி | ஜூன் 6, இரவு 10.30

போஸ்ட்பெய்டு சிம் மட்டும்தான். வெளிமாநில ப்ரீபெய்டு ஜம்மு காஷ்மீரில் எடுக்காது. சோனமார்க்கை விட்டு ஏறிவிட்டால் எதுவும் எடுக்காது, வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். அசல் ஆதார் அட்டை கட்டாயம், வழியில் ராணுவச் சாவடிகளில் பார்ப்பார்கள்.

மழை: பீர் பஞ்சால் மலைத்தொடர் பருவமழையைப் பெரும்பகுதி மறித்துவிடுவதால் உத்தராகண்ட் அளவுக்கு இருக்காது. ஆனாலும் மதியத்துக்கு மேல் திடீரென்று கொட்டும், எப்போதும் அதிகாலையில் கிளம்பிவிடுங்கள். கழிப்பறை என்பது குழி தோண்டிய சின்னக் கூடாரம். மாதவிடாய் நாளாக அமைந்தால், ஜிப் வைத்த உறையில் போட்டுக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும், அங்கே புதைக்கக் கூடாது. அந்த ஏரித் தண்ணீரைத்தான் பக்கர்வால் மேய்ப்பர் குடும்பங்கள் குடிக்கின்றன.

கரிசல்மண் | ஜூன் 20, காலை 7.30

முடிவு எடுத்துவிட்டோம். நான் பதிவு செய்திருந்த பெரிய குழுவில் கூடுதல் நாள் தர முடியாது என்றார்கள். அவர்கள் அட்டவணை அப்படி, கோபம் இல்லை. அதை ரத்து செய்துவிட்டு, அப்பா, நான், என் தோழி மூன்று பேர் மட்டும் அந்த ஊர் வழிகாட்டி ஒருவரோடு போகிறோம். சோனமார்க்கில் இரண்டு ராத்திரி. நிச்னாயிலும் விஷன்சரிலும் தேவைப்பட்டால் ஒரு நாள் கூடுதலாக நிற்கலாம் என்று பேசியாகிவிட்டது.

அப்பாவிடம் ஒரு சின்ன நோட்டு கொடுத்திருக்கிறேன். காலையும் சாயந்திரமும் தலைவலி எவ்வளவு என்று பத்துக்கு மதிப்பெண் போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். வாயால் சொல்ல மாட்டார், ஆனால் பதிவேட்டில் பொய் எழுத அவர் கை வராது.

கூடாரம்72 | ஜூன் 20, காலை 7.55

இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே. நல்லபடியாகப் போய்விட்டு வாருங்கள்.

கரிசல்மண் | ஆகஸ்ட் 29, இரவு 9.20

வந்துவிட்டோம். மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். இந்த இழை இல்லை என்றால் எப்படி முடிந்திருக்குமோ தெரியாது, அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

நிச்னாயில் முதல் சாயந்திரம் அப்பா நோட்டில் 3 என்று எழுதினார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை, தேநீர் குடித்துக்கொண்டு ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை நோட்டைப் பிரித்தால் 5. எழுத்து எப்போதும் போல் குண்டு குண்டாக, கீழே கையெழுத்து, தேதி. வழிகாட்டியிடம் காட்டினேன். நடக்கச் சொல்லிப் பார்த்தார், நேர்க்கோட்டில் நடந்தார், கஞ்சியும் குடித்தார். அன்று நகர வேண்டாம், சாயந்திரத்துக்குள் குறையவில்லை என்றால் வெளிச்சம் இருக்கும்போதே சோனமார்க் இறங்கிவிடுவோம் என்று முடிவானது. எங்கள் கண் முன்னால் இரண்டு குழுக்கள் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கணவாய்ப் பக்கம் போயின. அப்பா அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார், எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மதியம் 3. சாயந்திரம் 1. அடுத்த நாள் காலை ஒரு வட்டம் போட்டிருந்தார். கிளம்பினோம்.

நிச்னாய்க் கணவாய் நீளமே தவிர நெட்டாக இல்லை. பத்து அடி, ஒரு மூச்சு என்று வழிகாட்டி பிடித்த நடையை அப்பா அப்படியே பிடித்துக்கொண்டார். பழனிக்குப் போகிற நடைதான் என்றார். விஷன்சரில் கூடுதல் நாளை ஓய்வாக எடுத்து, கிருஷன்சர் கரைவரை மட்டும் போய்த் திரும்பினோம். டிரவுட் மீன் கரையோரமே நிழல் மாதிரி நழுவியது. வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்து விட்ட மீனாம்.

காட்சர்க் கணவாய் ஏற்றம்தான் கஷ்டம். ஒற்றையடிப் பாதை, ஒரு பக்கம் சரிவு. குதிரைகள் வந்தால் மலைப்பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும், பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்துத் தள்ளிவிடும். இதைப் புதிதாகப் போகிறவர்கள் மறக்காதீர்கள். உச்சியில் திரும்பிப் பார்த்தால் இரண்டு ஏரியும் ஒன்றின் கீழ் ஒன்றாகக் கிடக்கின்றன. மேலே இருக்கும் கிருஷன்சர் கருநீலம், கீழே விஷன்சர் பச்சை கலந்த நீலம். நேற்று நாங்கள் உட்கார்ந்திருந்த பாறை எங்கே என்று அப்பா விரலை நீட்டித் தேடினார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து கடலை மிட்டாய் பொட்டலத்தை எடுத்தார். கோவில்பட்டியிலிருந்து உடையாமல் கொண்டுவந்திருக்கிறார். முதல் துண்டு குதிரைக்காரருக்கு. அவருக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு இந்தி தெரியாது. இருவரும் தோளோடு தோள் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தார்கள். கூடாரம்72 அண்ணா, அவரிடம் பேர் கேட்டு அப்பா நோட்டில் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்.

பூர்ஜப் பட்டையை மரத்திலிருந்து உரிக்கவில்லை. கீழே விழுந்து கிடந்ததைத் தடவிப் பார்த்துவிட்டு, 'முகவரி எழுதலாம் போலிருக்கே' என்று சொல்லி அங்கேயே வைத்துவிட்டார்.

மலைவாசல் | ஆகஸ்ட் 29, இரவு 10.05

நிச்னாயில் நின்ற அந்த ஒரு நாளுக்காக உங்கள் மூவருக்கும் வணக்கம். கடைசி இறக்கம் எப்படி இருந்தது? முட்டி?

கரிசல்மண் | ஆகஸ்ட் 30, காலை 6.40

அதுதான் நாங்கள் சரியாகக் கணக்குப் போடாத இடம். கழுகுமலைப் பயிற்சி ஏற்றத்துக்கு உதவியது. நாராநாக் இறக்கம் 1,300 மீட்டர், கீழே பைன் மரக்காட்டுக்குள் போனதும் ஊசி இலைகளும் உதிரி மண்ணும் வழுக்கிக்கொண்டே இருக்கும். அப்பா ஒரே ஒரு கம்புதான் வைத்திருந்தார். பாதி வழியில் வலது முட்டி வீங்கிவிட்டது, என் கம்பையும் கொடுத்தேன். கோயிலைப் பார்க்க அரை மணி நேரம் நின்றோம், அவர் படியில் உட்கார்ந்தபடியே பார்த்தார். இப்போது வீக்கம் வடிந்துவிட்டது. போகிறவர்கள் ஆளுக்கு இரண்டு கம்பு எடுத்துக்கொள்ளுங்கள், முட்டி உறையும் ஒரு ஜோடி.